எல்லை மாறும்போது எழுத வேண்டிய கடிதம்



ராஜபாளையத்தில் குடியிருப்பவருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் சிவகாசியில் இருக்கிறார். மாவட்ட ஆட்சியர் விருதுநகரில். வழக்கு என்று வந்துவிட்டால் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில். அதற்கு மேலே போனால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. ரயில் நின்று போகவில்லை என்று மனு கொடுக்க வேண்டுமானால் அதுவும் மதுரைக் கோட்டம். ஓட்டுப் போட்டு டெல்லிக்கு அனுப்பும் மக்களவை உறுப்பினர் தென்காசித் தொகுதிக்காரர். ஒரே மனிதருக்கு ஐந்து ஊர்களில் ஆறு வாசல்கள்.

இந்த வாசல்கள் ஒரே நாளில் திறந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காலத்தில் வரையப்பட்ட கோடு இருக்கிறது. கோடு வரைந்த ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு மேசையில் ஒரு கடிதம் தயாராகியிருக்கிறது: இன்ன நாள் முதல் இன்ன ஊர் இன்ன அலுவலகத்தின் கீழ் வரும் என்று. அரசாணையாகவோ அரசிதழ் அறிவிக்கையாகவோ வங்கியின் சுற்றறிக்கையாகவோ கம்பெனி தன் டீலருக்கு அனுப்பும் தாளாகவோ அது வந்து சேரும். நிர்வாகத்தைப் பிரித்தமைப்பதையும் எல்லையை மாற்றுவதையும் அறிவிக்கும் அந்தக் கடிதங்களைப் பற்றியதே இன்றைய பேச்சு.

அதை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற இரண்டு ஊர்களை வைத்துப் பேசக் காரணம் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கோடுகள் எல்லாம் இந்தப் பக்கமாகவே ஓடியிருக்கின்றன. கடிதம் எழுதுகிறவர் எப்போதும் நடுவில், தலைமை அலுவலகத்தில் இருப்பவர். கோடு நகர்ந்தால் அவருக்கு எதுவும் மாறுவதில்லை. மாறுவதெல்லாம் ஓரத்தில் இருப்பவருக்குத்தான். ஆகவே அந்தக் கடிதம் ஓரத்தில் இருப்பவரின் கேள்விகளுக்கு விடையாக எழுதப்பட வேண்டும். இன்று சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

1910-க்கு முன்பு ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலியைச் சேர்ந்திருந்தது. அந்த ஆண்டு மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களில் இருந்து பகுதிகளை எடுத்து ராமநாதபுரம் மாவட்டத்தை உருவாக்கினார்கள். ஜே.எஃப். பிரையன்ட் முதல் ஆட்சியர். மாவட்டத்துக்குப் பெயர் ராமநாதபுரம். ஆட்சியர் அலுவலகம் நெடுங்காலம் இயங்கியதோ மதுரையில். மேற்கு மலையடிவாரத்து விவசாயி ராமநாதபுரம் கலெக்டருக்கு என்று மனு எழுதி, அதை மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும். விருதுநகர்–தென்காசி ரயில் பாதை 1927-ல்தான் திறந்தது. அதற்கு முந்தைய பதினேழு ஆண்டுகளில் அந்த மனு எத்தனை மாட்டுவண்டிகளில் ஏறி இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். மாவட்டத்தின் பெயரை மட்டும் சொல்லி, அலுவலகம் எந்த ஊரில் என்று சொல்லாத அறிவிப்பு அப்படிப்பட்ட விவசாயிக்கு எந்த வகையிலும் உதவாது.

அடுத்த பெரிய மாற்றம் 1985-ல் வந்தது. மார்ச் 8-ஆம் தேதியிட்ட அரசாணை மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. ராமநாதபுரம் மூன்றாகப் பிரிந்தது: ராமநாதபுரம், இன்று சிவகங்கை எனப்படும் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம், இன்று விருதுநகர் எனப்படும் காமராஜர் மாவட்டம். ஆணையின் தேதிக்கும் நடைமுறை தேதிக்கும் இடையே ஒரு வாரம். அலுவலகத்துக்கு ஒரு வாரம் போதும். பீரோக்களைத் திறந்து கோப்புகளைப் பிரித்துக் கட்டி லாரியில் ஏற்றிவிடலாம். ஆனால் பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் புதிதாக மனு கொடுக்க வேண்டுமா, பழையதே போதுமா? அவருடைய கோப்பு எந்த லாரியில் ஏறியது? எல்லை மாற்றத்தை அறிவிக்கும் எந்தக் கடிதத்திலும் இந்தக் கேள்விக்கு ஒரு பத்தி ஒதுக்கப்பட வேண்டும். பெரும்பாலும் ஒதுக்கப்படுவதில்லை.

அரசுக் கடிதத்தின் வடிவம் எல்லோருக்கும் தெரிந்தது. மேலே கோபுர முத்திரை. (அது தங்கள் ஆண்டாள் கோவில் கோபுரம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் உறுதியாகச் சொல்வார்கள், மதுரை மேலக் கோபுரம் என்று சொல்வோரும் உண்டு.) அதன் கீழே அனுப்புநர், பெறுநர், ந.க. எண், நாள். பிறகு பொருள். பிறகு பார்வை. இந்தப் பார்வையில்தான் சங்கடம் தொடங்குகிறது. முந்தைய அரசாணை, ஆணையரின் கடிதம், ஆட்சியரின் செயல்முறைகள், அரசிதழ் அறிவிக்கை என்று வரிசையாக அடுக்கிவிட்டு, மேற்படி பார்வைகளில் காணும் ஆணைகளின்படி என்று செய்தி தொடங்கும். அந்த அடுக்கு அலுவலகத்துக்குத் தேவை. நாளை தணிக்கையில் கேட்பார்கள், நீதிமன்றத்தில் கேட்பார்கள். அது கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தளவாய்புரத்தில் தையல் கூடம் வைத்திருப்பவருக்கு அந்தக் கடிதம் போகும்போது, அவருக்கு வேண்டிய செய்தி இரண்டாம் பக்கத்தின் அடியில் கிடந்தால் அவர் அதைப் படிக்காமலே மடித்து வைப்பார். எந்த நாள் முதல், எந்த அலுவலகம், எந்தத் தெருவில் என்பது முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். பார்வைகளை அடியில் கொடுத்தாலும் அவற்றின் சட்ட வலு குறைந்துவிடாது.

தேதியைப் பற்றி உலகம் கற்ற மிகக் கொடிய பாடம் நம் துணைக்கண்டத்தில் நடந்தது. 1947-ல் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரித்த ராட்கிளிஃப் எல்லைக்கோடு, சுதந்திர நாளுக்கு முன்பே தயாராகியும் ஆகஸ்ட் 17-ஆம் தேதிதான் வெளியிடப்பட்டது. நாடுகள் பிறந்துவிட்டன, எல்லை தெரியாது. முர்ஷிதாபாதில் பாகிஸ்தான் கொடி பறந்தது, குல்னாவில் இந்தியக் கொடி பறந்தது. இரண்டும் பிறகு இறக்கப்பட்டு மாற்றி ஏற்றப்பட்டன. இடைப்பட்ட நாட்களில் வதந்தி எல்லை வரைந்துகொண்டிருந்தது. ஒரு நாட்டின் பிரிவினையையும் சோப்பு கம்பெனியின் விற்பனை எல்லை மாற்றத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனாலும் தாமதம் செய்யும் வேலை இரண்டு இடத்திலும் ஒரே வகையானது: அதிகாரபூர்வமான தாள் வராத இடத்தில் டீக்கடைப் பேச்சு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பிறகு வரும் தாளை யாரும் நம்ப மாட்டார்கள்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது இதைவிடக் கவனமாகச் செய்தார்கள். இங்கிருந்து தெற்கே போனால் வரும் செங்கோட்டை, அதுவரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. குமரியும் வந்தது. இணைந்த பகுதிகளில் ஏற்கெனவே இருந்த சட்டங்கள், உரிய முறையில் மாற்றப்படும் வரை அப்படியே தொடரும் என்று மாநில மறுசீரமைப்புச் சட்டமே சொல்லிவிட்டது. எது மாறுகிறது என்பதைப் போலவே எது மாறவில்லை என்பதையும் சொல்வது எல்லை மாற்றக் கடிதத்தின் கடமை. செங்கோட்டைக்காரர் நவம்பர் 2-ஆம் தேதி காலையில் எழுந்தபோது அவருடைய பத்திரம் செல்லும், அவருடைய குத்தகை செல்லும் என்பது அவருக்குக் கிடைத்த பெரிய ஆறுதல். எளிய அளவில் இதை நம் அஞ்சல் எண்ணிலும் காணலாம். 1972-ல் அஞ்சல் எண் முறை வந்தது. அதன்பின் மாவட்டத்தின் பெயர் ராமநாதபுரம், காமராஜர், விருதுநகர் என்று மாறிக்கொண்டே வந்தது. அந்த எண்ணோ தபால் பிரிக்கும் வழியைப் பார்த்துப் போட்டது, மாவட்டக் கோட்டைப் பார்த்து அல்ல. 626117 என்று எழுதினால் ராஜபாளையம், 626125 என்று எழுதினால் ஸ்ரீவில்லிபுத்தூர். முகவரி மாற்றம் அறிவிக்கும் கடிதத்தில் அஞ்சல் எண் மாறவில்லை என்ற மூன்று சொற்கள் எவ்வளவு அலைச்சலைக் குறைக்கும்!

மாவட்டத்தின் பெயர் கடைசியாக மாறியது 1997-ல். அதன் கதையை இந்த வட்டாரத்தில் பேசாமல் இருப்பதே எளிது. ஆனால் பிரித்தமைப்பை அறிவிப்பது பற்றிப் பேசுபவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது.

அந்த ஆண்டு விருதுநகர் மாவட்டத்துக்கென ஒரு புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்தைத் தமிழக அரசு அறிவித்தது. கட்டபொம்மனின் படைத்தளபதியாக நின்று உயிர்கொடுத்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அதற்குச் சூட்டியது. நிர்வாகக் கண்ணுக்கு அது ஒரு பிரிப்பு. பேருந்துகள், பணிமனைகள், வழித்தடங்கள், ஊழியர்கள் ஒரு கழகத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாறுகிறார்கள். ஊரின் கண்ணுக்கு அது ஒரு பெயர். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த வீரரின் பெயரைத் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் சாதி மோதல் மூண்டது. உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. அந்த ஆண்டு ஜூலையில் போக்குவரத்துக் கழகங்களின் பெயர்களை எல்லாம் அரசு நீக்கியது. பாண்டியன், சேரன், சோழன், பல்லவன், கட்டபொம்மன் என்று தமிழ்நாட்டின் நெடுஞ்சாலைகளில் ஓடிய பெயர்கள் மறைந்து, அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயர் மிஞ்சியது. தலைவர்களின் பெயர் தாங்கிய மாவட்டங்களும் ஊர்ப் பெயருக்கு மாறின. காமராஜர் மாவட்டம் விருதுநகர் ஆயிற்று. தூத்துக்குடி, திருநெல்வேலி, ஈரோடு மாவட்டங்களும் அப்படியே ஊர்ப் பெயரைப் பெற்றன. மலையடிவாரத்தில் சில ஊர்களில் பிடித்த தீ, மாநிலம் முழுவதிலும் அரசு அலுவலகங்களின் கடிதத் தாளை மாற்றியது.

பழி அந்தப் பெயரின் மேல் இல்லை. அதைத் தாங்க மறுத்த சாதி வெறியின் மேல் இருக்கிறது. எவ்வளவு நேர்த்தியாக எழுதிய அறிவிப்பும் அந்த வெறியைத் தடுத்திருக்காது. ஆனாலும் அறிவிப்பு எழுதுபவர்கள் அங்கிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கழகத்தை ஏன் பிரிக்கிறோம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கும். அதற்கு ஏன் இந்தப் பெயர் வைக்கிறோம் என்பதற்கு வேறொரு காரணம் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனியாக விளக்கம் தர வேண்டும், அதுவும் அந்தப் பேருந்து ஓடப்போகும் கிராமங்களில் முன்கூட்டியே தர வேண்டும். எத்தனை பேருந்து, எந்தப் பணிமனை, எந்த ஊருக்குப் புதிய தடம் என்ற செய்திகளும் கூடவே போக வேண்டும். பெயர் மட்டும் முதலில் போய்ச் சேர்ந்தால், மற்ற செய்திகள் எதுவும் காதில் ஏறாது.

தனியார் நிறுவனங்களின் பெயர் மாற்றத்தில் சட்டமே ஒரு நல்ல பழக்கத்தைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார்; 1957-ல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவப்பட்டது. அந்தச் சிமெண்ட் நிறுவனம் 2013-ல் தி ராம்கோ சிமெண்ட்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பங்குப் பத்திரத்திலும் பில்லிலும் இருந்த பெயர் அது. பெயர் மாற்றிய நிறுவனம், கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தான் விட்டுவந்த பழைய பெயரையும் பலகையிலும் கடிதத்தாளிலும் புதிய பெயரோடு சேர்த்துக் காட்ட வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம். பழைய பெயரில் கடன் கொடுத்தவர், பழைய பெயரில் பங்கு வைத்திருப்பவர், பழைய பெயரைச் சொல்லிச் சரக்கு வாங்கிய கொத்தனார் எல்லோரும் அந்த இரண்டு ஆண்டுகளில் வந்து சேர்ந்துகொள்ளலாம். அரசு அலுவலகங்களுக்கும் இந்த விதி இருந்தால் நன்றாக இருக்கும்.

சரக்கு விற்கும் எல்லையை மாற்றுவது இந்த ஊர்களின் அன்றாடம். பஞ்சும் நூலும் ராஜபாளையத்தில் இருந்து போகின்றன. சத்திரப்பட்டியில் இருந்து மருத்துவமனைகளுக்குப் பேண்டேஜ் துணி போகிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து போகிறது. வெளியில் இருந்து சோப்பும் பிஸ்கட்டும் மருந்தும் வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஸ்டாக்கிஸ்ட் உண்டு, லைன் உண்டு. ஓர் உதாரணத்துக்கு, ராஜபாளையத்து விநியோகஸ்தர் ஒருவர் இதுவரை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு மூன்று பக்கமும் சரக்குக் கொடுத்துவந்தார் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி அவருடைய எல்லையைப் பிரிக்க முடிவு செய்கிறது. வழக்கமாக அவருக்கு வரும் கடிதம் இப்படி இருக்கும்: "நிறுவனத்தின் வளர்ச்சித் திட்டத்தின் ஒரு பகுதியாக, சந்தை வீச்சினை மேம்படுத்தும் பொருட்டு, தங்கள் விற்பனைப் பகுதி மறுசீரமைக்கப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் தொடர் ஒத்துழைப்பை நாடுகிறோம்."

பாதி வியாபாரத்தை இழப்பவருக்கு மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறார்கள். எந்த ஊர் போனது, எந்த ஊர் இருக்கிறது, எப்போது முதல் என்பது எதிலும் இல்லை. இணைப்பில் ஒரு பட்டியல் இருக்கும் என்பார்கள். இணைப்பு ஒரு வாரம் கழித்து வரும். அதே செய்தியை இப்படியும் எழுதலாம்:

"அன்புடையீர், வணக்கம். வரும் ஏப்ரல் 1 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் நகரம், கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு ஆகிய ஊர்க் கடைகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாக நியமிக்கப்படும் விநியோகஸ்தர் சரக்கு வழங்குவார். ராஜபாளையம் நகரம், சத்திரப்பட்டி, தளவாய்புரம், சேத்தூர் ஆகியவை தங்களிடமே தொடரும். மம்சாபுரம் கடைகளும் தங்களிடமே இருக்கும்.

"மார்ச் 31 மாலை வரை தாங்கள் எடுத்த ஆர்டர்களுக்குத் தாங்களே சரக்கு இறக்கி பில் போடலாம். மாறிப்போகும் கடைகளில் நிற்கும் பாக்கி முழுவதும் தங்களுடையது. ஜூன் 30 வரை அதை வசூலிக்க எங்கள் விற்பனைப் பிரதிநிதி தங்களுடன் வருவார். அந்தக் கடைகளில் தாங்கள் விற்ற சரக்கில் சேதமானதைக் கம்பெனியே நேரடியாகத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அந்தத் தொகை தங்கள் கணக்கில் கழியாது. தரவேண்டிய ஸ்கீம் தொகைக்கு ஏப்ரல் 15-க்குள் கிரெடிட் நோட் வரும்.

"வத்திராயிருப்புக் கடைகளுக்கு வாரம் ஒருமுறைதான் வண்டி போக முடிகிறது, இரண்டு முறை போக வேண்டும் என்பதே இந்த மாற்றத்துக்குக் காரணம். தங்கள் சேவையில் குறை எதுவும் இல்லை. தங்கள் மாத விற்பனை இதனால் குறையும் என்பதை அறிவோம். அதற்கேற்பத் தங்கள் டெபாசிட்டும் மாத இலக்கும் குறைக்கப்படும்; புதிய தொகைகள் கீழே உள்ளன. சந்தேகம் இருந்தால் கையொப்பமிட்டவரையே கீழ்க்கண்ட எண்ணில் அழைக்கலாம்."

இந்தக் கடிதத்தில் அலங்காரம் ஏதும் இல்லை. ஆனால் வாங்கிப் படிப்பவருக்கு அன்று இரவு தூக்கம் வரும். பாக்கி பற்றிய வாக்கியம் ஒன்றுக்காகவே அவர் இதைப் பத்திரப்படுத்தி வைப்பார். மம்சாபுரத்துக்கு ஏன் தனி வாக்கியம் என்று தலைமை அலுவலகத்தில் கேட்பார்கள். அந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்தைச் சேர்ந்தது, கடைக்காரர்கள் சரக்கெடுக்க ராஜபாளையத்துக்கும் வருவார்கள். வட்டத்தின் பெயரைச் சொல்லி எல்லை பிரித்தால் ஒரு பதில் வரும், வண்டி போகும் வழியைப் பார்த்துப் பிரித்தால் வேறு பதில் வரும். இரண்டு விநியோகஸ்தர்களும் ஒரே கடையில் மோதிக்கொள்வது இப்படிப்பட்ட ஊர்களில்தான். எல்லைக் கடிதத்தை எழுதி முடித்ததும், இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடக்கூடிய ஊர்களை மட்டும் தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி ஒரு பக்கத்தில் சேர்த்துவிட வேண்டும்.

இதை நம் முன்னோர் எவ்வளவு பொறுமையாகச் செய்தார்கள் என்பதற்குச் செப்பேடுகள் சாட்சி. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தியைச் சொல்லும் செப்பேடு இன்று நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துப் பெயரால் அறியப்படுகிறது. அரசன் வாயால் சொன்ன ஆணை ஓலையில் எழுதப்பட்டு, அதிகாரிகள் ஒவ்வொருவராகச் சரிபார்த்து, அந்த ஊர் இருந்த கூற்றத்து நாட்டாருக்கு அனுப்பப்பட்டது. நாட்டார் எதிர்சென்று அதைத் தலைமேல் வாங்கினார்கள். பிறகு பெண் யானை ஒன்றை முன்னே நடத்தி, ஊர் எல்லையைச் சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நட்டார்கள். கிழக்கே எது எல்லை, தெற்கே எது எல்லை என்று வாய்க்காலும் வரப்பும் அண்டை ஊர் நிலமும் பெயர் சொல்லி எழுதப்பட்டன. ஆணை போய்ச் சேர்ந்த இடம் ஓரத்தில் இருந்த நாட்டார். எல்லையைத் தம் காலால் நடந்து உறுதி செய்தவர்களும் அவர்களே. ராஜபாளையத்துப் பத்திர எழுத்தர்கள் இன்றும் ஒரு சென்ட் நிலத்துக்கும் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தி எழுதாமல் பத்திரத்தை முடிப்பதில்லை. ஒரு வட்டத்தையே மாற்றும் கடிதத்தில் அந்த நுணுக்கம் காணாமல் போவதற்கு நியாயம் இல்லை.

வங்கிகள் இணைவது எல்லை மாற்றத்தின் இன்னொரு முகம். 1977-ல் தொடங்கி, விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய பாண்டியன் கிராம வங்கி, 2019 ஏப்ரல் 1 அன்று பல்லவன் கிராம வங்கியோடு இணைந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. தலைமையிடம் சேலம். பாண்டியனுக்கு இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஆதரவு வங்கி. புதியதற்கு இந்தியன் வங்கி. வங்கியாளருக்கு இது ஒரு பெரிய கதை. நகையை அடகு வைத்த பெண்மணிக்கோ கேள்விகள் வேறு: என் நகை எந்தக் கிளையில் இருக்கிறது? வட்டி ஏறுமா? முதியோர் உதவித்தொகை அதே கணக்குக்குத்தான் வருமா? கையில் இருக்கும் காசோலை எந்தத் தேதி வரை செல்லும்? சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு இணைந்தபோது பழைய ஐஎஃப்எஸ்சி எண்கள் 2021 ஜூலை 1 முதல் செல்லாது என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். தேதி குறித்து அவகாசம் தந்தது சரியான முறை. அந்த அறிவிப்பு கைபேசி வைத்திராதவரை எப்படி எட்டும் என்பதே அடுத்த கேள்வி. கிராமத்து வங்கிக் கிளையில் பாஸ்புக் பதியும் சன்னலுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டிய தாள், நூறு குறுஞ்செய்தியைவிட அதிகம் படிக்கப்படும்.

தொழிலாளருக்கான அறிவிப்பில் சட்டம் இதைப் பழைய காலத்திலேயே உணர்ந்திருக்கிறது. 1946-ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம், நிலையாணைகளை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் ஆலை வாசலருகே பலகையில் வைக்கச் சொன்னது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், சம்பளம், வேலை நேரம், ஷிப்ட் முதலியவற்றில் மாற்றம் செய்வதானால் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அந்த 21 நாளை விட்டுவிடவில்லை. நூற்பாலைகள் நிறைந்த ராஜபாளையத்தில் இந்தக் கணக்கு வீட்டுக்கு வீடு தெரியும். இரவு ஷிப்ட் மாறினால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார், காலை பஸ் எது என்று ஒரு குடும்பமே தன்னை மாற்றி அடுக்கிக்கொள்ள அந்த 21 நாள் வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆட்குறைப்பை மறுசீரமைப்பு என்று எழுதுவது அறமல்ல. ஒரு பிரிவை மூடுகிறோம், இத்தனை பேருக்கு வேலை இருக்காது, இன்ன நஷ்டஈடு இன்ன தேதியில் வரும் என்பதை நேரே எழுத வேண்டும். அந்த வாக்கியத்தை எழுத மேலாளரின் கை கூசலாம்; அதைப் படிப்பவரின் கையில் அந்த நேரத்தில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தத் தாள்தான். அதில் உண்மை மங்கலாக இருந்தால், கிராஜுவிட்டிக்கும் வைப்புநிதிக்கும் அவர் அலைய வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் அந்த மங்கல் அவரோடு கூடவே வரும்.

2008-ல் தொகுதி மறுவரையறை வந்தபோது இந்த இரண்டு ஊர்களுக்கும் ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 மக்கள்தொகையை அடிப்படையாக வைத்து வரைந்த கோடு அது. சிவகாசி மக்களவைத் தொகுதி மறைந்து விருதுநகர் தொகுதி பிறந்தது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கடையநல்லூர், தென்காசியோடு தென்காசி மக்களவைத் தொகுதிக்குள் வந்தன. சட்டமன்றத் தொகுதியில், அதுவரை தனித் தொகுதியாக இருந்த ராஜபாளையம் பொதுத் தொகுதியானது. பொதுவாக இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் தனித் தொகுதியானது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதும், ஒரு மக்களவைத் தொகுதி இரண்டு மாவட்டங்களில் கால் வைத்திருக்கும் நிலை இன்னும் தெளிவாயிற்று. மறுவரையறைக்கு ஒரு நல்ல நடைமுறை உண்டு: வரைவை அரசிதழில் வெளியிடுவார்கள், ஆட்சேபம் கேட்பார்கள், பொதுக் கூட்டம் நடத்துவார்கள், அதன்பின் இறுதி ஆணை. கருத்துக் கேட்கும் கடிதமும் முடிவைச் சொல்லும் கடிதமும் வேறு வேறாக இருக்கின்றன. பல நிறுவனங்களில் இரண்டும் ஒன்றாகக் கலந்து வருகின்றன. தங்கள் மேலான ஆலோசனையை வரவேற்கிறோம் என்று எழுதியிருக்கும். முடிவு போன மாதமே ஆகியிருக்கும். முடிவாகிவிட்டால் முடிவு என்று எழுத வேண்டும்.

மலைக்கும் எல்லைக் கடிதம் உண்டு. 1988-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் நரை அணில் சரணாலயமும் தேனிப் பக்கத்து மேகமலை சரணாலயமும் சேர்ந்து, 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆயின. நாட்டின் 51-ஆவது, தமிழ்நாட்டின் ஐந்தாவது. பரப்பு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். அதில் சுமார் 641 மையப் பகுதி, மீதி வெளிவட்டம். காட்டுக்குள் பளியர் குடிகள் இருக்கிறார்கள். ஓரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் இருக்கின்றன. சதுரகிரிக்கு நடக்கும் பக்தர் கூட்டம் இருக்கிறது. காப்பகம் என்ற சொல் இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அச்சத்தைத் தரும். தேன் எடுக்கலாமா, தோப்பில் கிணறு தோண்டலாமா, அமாவாசைக்கு மலை ஏறலாமா என்ற மூன்று கேள்விகளுக்கு மூன்று தனித்தனிக் கடிதங்கள் வேண்டும். அரசிதழில் வரும் எல்லை விவரத்தில் முகடும் ஓடையும் புல எண்ணும் இருக்கும். அது சர்வேயருக்குச் சரி. மலையேறுபவருக்கு அதில் பதில் கிடைக்காது.

வரப்போகும் ஆண்டுகளில் இப்படிப்பட்ட கடிதங்கள் நிறைய வரும். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக, 2026 ஜனவரி 1 முதல் மாவட்டம், வட்டம், கிராமம் போன்ற நிர்வாக எல்லைகளை மாற்றாமல் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கணக்கெடுப்பு முடிந்ததும் தேங்கியிருக்கும் பிரிப்புக் கோரிக்கைகள் ஒவ்வொன்றாக மேசைக்கு வரும். தொகுதி மறுவரையறையும் அதைத் தொடரும். அதுவரை கிடைத்திருக்கும் காலத்தில் வட்டாட்சியர் அலுவலகங்களும் வங்கிக் கிளைகளும் கம்பெனிகளும் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. தம் எல்லையின் ஓரத்தில் இருக்கும் ஊர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் இன்றைய தேதியில் நிலுவையில் இருக்கும் மனு, கடன், பாக்கி, வழக்கு ஆகியவற்றைக் குறித்து வைப்பது. ராஜபாளையம் வட்டத்துக்கு அந்தப் பட்டியல் தெற்கே சொக்கநாதன்புத்தூரில் தொடங்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்துக்கு மம்சாபுரத்தில்.